டயரில் ஒட்டாத சேறு

என் அக்கா தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது, "வண்டி சௌக்கியமா?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் என் முழங்கால், என் மனைவியின் சர்க்கரை, மழை, உளுந்து விலை எல்லாம் வரும். பன்னிரண்டு வருடமாக இந்த வரிசை மாறவில்லை. பக்கத்தில் இருந்து கேட்கிறவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு ஊசி. அதை அவள் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான். எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் மீதிக் கதைக்குப் போக முடியாது.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அத்தான் போன பிறகும் நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் ஆள் வைத்துத் தானே பயிர் பார்க்கிறாள். மெயின் ரோட்டிலிருந்து அவள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர். முதல் அரை கிலோமீட்டர் தார். மீதி எல்லாம் வாய்க்கால் கரை மண்பாதை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று காலையில் தாய்மாமன் சீர்த்தட்டோடு பெண் வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு மாலை போட்டு, தன் பொறுப்பில் மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். அக்காவுக்கு ஒரே மகள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எனவே அந்தக் காலை முழுக்க என்னுடையது. அப்போது நான் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். வேதியியல் படித்தவனுக்குத் துருவைப் பற்றிக் கூடுதலாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

முதல் நாள் ராத்திரி மழை. நான் தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, எதிரே கிடந்த கரையைப் பார்த்தேன். சேறுதான். ஆனால் போக முடியாத சேறு இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பால் வேன் ஆடிக்கொண்டே போனது. நான் வண்டியைத் திருப்பி மெயின் ரோட்டு டீக்கடைக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பாதி தூரம் வந்துட்டேன். சக்கரம் புதைஞ்சிடுச்சு. நாலு பேர் தள்ளித்தான் பின்னாடி எடுத்தோம். பொண்ணை எப்படியாவது ரோட்டுக்கு அனுப்பிடு."

அந்த நாலு பேரை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லும்போது ஆள்பலம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

அரை மணி நேரத்தில் டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் கல்யாணப்பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அக்கா. டீக்கடை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்க்க, நான் மாலை போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். நான் அதோடு நிற்கவில்லை. "புடவையைத் தூக்கிப் பிடிம்மா, சேறு பட்டுடும்" என்று சொல்லி, டீக்கடைக் குடத்துத் தண்ணீரில் அவளைக் கால் கழுவச் சொன்ன பிறகுதான் காருக்குள் ஏற்றினேன். தன் புடவை கெட்டுவிடும் என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். நான் சொன்னது என் சீட்டுக்காக.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நான்கு டயரையும் பார்த்தாள். கடையில் வாங்கியபோது இருந்த கறுப்பு அப்படியே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் டிராக்டரிலேயே மண்டபத்துக்கு வந்தாள்.

அன்று வீடு திரும்பும்போது என் மனைவிதான் சொன்னாள்: "பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா, டயர்ல கொஞ்சம் சேத்தையாவது அப்பிக்கிட்டுச் சொல்லணும். புரொபசர்தானே நீங்க?"

மறுநாள் அக்காவின் போன் வந்தது. "வண்டி சௌக்கியமா?"

அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குப் போவதென்றால் பஸ்தான். ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கரையில் போவேன். கார் கொண்டு போனால் டயரைப் பார்ப்பாளே என்ற பயம். அவளும் ஏன் பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கும்பகோணத்தில் ஒரு டாக்டர் தன் வெளிநாட்டுச் சொகுசு வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். பெரிய உயர வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். வெண்ணெய் நிறத் தோல் சீட்டு. புதிதாக வந்தபோது அமைச்சர்கள் ஏறுகிற மாதிரி இருந்திருக்கும். என்னிடம் வரும்போது அதற்கும் முழங்கால் பிரச்சினை. அந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. காற்றுப் பை மேல் நிற்கும். பை கசிந்ததால் காலையில் போய்ப் பார்த்தால் குளத்தில் எருமை கிடப்பதுபோல் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சாவி போட்டால் பெருமூச்சு விட்டு மெல்ல எழுந்திருக்கும்.

"முழங்காலுக்கு நல்லதுன்னு வாங்கினேன். குனியாம ஏறி உட்காரலாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"குனியவேண்டாம். ஏணிதான் வேணும்" என்றாள் அவள். வாங்கிய உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருவரும் குத்தாலத்தின் பெயரை எடுக்கவில்லை.

பாபநாசம் தாண்டி ரோட்டோரம் ஒரு பட்டறை. நடத்துகிற பாய் வளைகுடாவில் பதினெட்டு வருடம் இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பிரித்துப் பூட்டியவர். வண்டியை ஒரு முறை சுற்றி வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், இதை நீங்களா வாங்கினீங்களா, யாராவது தலையில கட்டிட்டாங்களா?"

"நான்தான் பாய்."

"மாஷா அல்லா. தைரியசாலிதான்."

நான் வீட்டிலேயே ஒரு பட்டியல் எழுதி வந்திருந்தேன். இரவெல்லாம் மொபைலில் பாலைவனத்து வண்டிகளைப் பார்த்துத் தயாரித்தது. வண்டியை அரையடி உயர்த்த வேண்டும். கூரை மேல் வரிசையாக விளக்கு. முன்னால் இரும்பு பம்பர். தண்ணீருக்குள் போனாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்குக் கூரை வரைக்கும் ஒரு குழாய். பாய் மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதையும் படித்தார்.

"எங்க சார் போகப் போறீங்க?"

"குத்தாலம் பக்கம். அக்கா வீட்டுக்கு."

"மோசமான ரோடு எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை கிலோமீட்டர்."

"வருஷத்துக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு, மூணு."

அவர் பட்டியலை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "ரெண்டரை கிலோமீட்டருக்கு மூச்சுக்குழாயா? காவேரிக்குள்ள முழுகியா சார் அக்கா வீட்டுக்குப் போறீங்க? அரையடி ஏத்தினா வளைவுல சாயும், அம்மா ஏறமாட்டாங்க, நீங்க இறங்கமாட்டீங்க. வண்டி முதல்ல வண்டியா இருக்கட்டும். அப்புறம் கொஞ்சமா, தேவைக்குச் செய்வோம்."

கொஞ்சமாகத்தான் செய்தார். கசிகிற காற்றுப் பைகளைத் தூக்கிவிட்டு நான்கு பக்கமும் ஸ்பிரிங் போட்டார். உயரம் இரண்டு விரற்கடை கூடியது, அவ்வளவுதான். பெரிய பளபள ரிம்மைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்ன ரிம் மாட்டினார். எனக்கு அது ஏதோ பதவி இறக்கம் மாதிரி இருந்தது. பாய் விளக்கினார்: ரிம் சின்னதானால் டயரின் ரப்பர் உயரமாகும், பள்ளத்தில் விழுந்தால் அடியை ரப்பர் வாங்கும், ரிம் வாங்காது. டயரும் பாதி தாருக்கு, பாதி மண்ணுக்கு என்ற ரகம். எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. ஏறுவதற்குப் பக்கவாட்டில் இருந்த படியைக் கழற்றினார். அது தாழ்வாகத் தொங்குகிறதாம், வரப்பில் இடிக்குமாம். என் மனைவி போனில் சண்டை போட்டாள். அதற்குப் பதிலாக அவரே ஒரு சின்ன மரமுக்காலி அடித்துப் பின்னால் வைத்துக் கொடுத்தார்.

கடைசியில் முன்னும் பின்னும் தடிமனான கொக்கி ஒன்று மாட்டினார்.

"கொக்கி எதுக்கு பாய்? மாட்டிக்கிறவனுக்குத்தானே அது?"

"மாட்டிக்கவே மாட்டேன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் சார் அது."

வண்டியை ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். மண்ணில் இறங்குமுன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். அப்போது அது யானைக்கால் மாதிரி அகலமாக ஊன்றும். இன்னொன்று: "ஈர மண்ணுன்னா இந்த டயர் தாங்கும் சார். நாத்தங்கால் சேறு வேற. நம்ம களிமண்ணுல இறங்கினா உங்க வண்டி இல்ல, கோயில் தேரே நிக்காது. ரெண்டரை டன் வெயிட்டு. மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் நினைவிருந்துதான் செய்தேன்.

வண்டி தயாராகியும் ஒரு வருடம் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அறுவடை மிஷின் வழியை மறிக்கும் என்றேன். அப்புறம் மழை என்றேன். அப்புறம் வெயில் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணம் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்புவேன். அந்த டயரில் பட்ட ஒரே மண், காபிக்கடைக்கு எதிரே தோண்டிப் போட்டிருந்த குழாய்ப் பள்ளத்து மண். எண்ணெய் மாற்றப் போனபோது பாய் அடித்தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு கீறல் இல்ல. பீரோவுல வெச்சிருக்கீங்களா?" என்றார்.

போன பங்குனியில் அக்கா மகளிடமிருந்து அழைப்பு வந்தது. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். லீவில் ஊருக்கு வருகிறாளாம்.

"மாமா, சித்திரை பிறந்ததும் என் பொண்ணுக்குக் காது குத்தறோம். எனக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே. உங்க மடியிலதான் உட்காரவெச்சுக் குத்தணும். அம்மா வீட்டுலயேதான்."

நான் பதில் சொல்லுமுன் போன் கை மாறியது.

"வண்டி சௌக்கியமா?" என்றாள் அக்கா. "பெரிய வண்டி வாங்கியிருக்கியாமே. வெள்ளிக்கிழமை, ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள நேரம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். வீட்டு வாசல்வரைக்கும் வரதா இருந்தா வா. ரோட்டுல நின்னுக்கிட்டுப் போன் பண்றதா இருந்தா இப்பவே சொல்லிடு, டிராக்டருக்குச் சொல்லிவைக்கணும்."

"வாசலுக்கே வரேன்க்கா" என்றேன்.

இந்த முறை வரவில்லையென்றால் இனி எந்த வாசலுக்கும் நான் தாய்மாமன் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் சீர்த்தட்டுகள்: பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, பழம், பூ, சர்க்கரை. எட்டேகாலுக்கு அக்கா ஊர் விலக்கில் திரும்பினோம். அந்தப் பழைய டீக்கடை இப்போது செல்போன் கடையாகியிருந்தது. குடம் வைத்த இடம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

தார் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டி ஏறி மிதித்தால் காய் வெடித்துப் பயறு உதிரும். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு யாரும் கூலி கேட்பதில்லை. பழக்க தோஷத்தில் நான் பிரேக் போட்டேன். முக்காடு போட்டிருந்த ஒரு அம்மாள் கையில் கவைக்கோலோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏன் ஐயா நின்னுட்டீங்க? ஏறிப் போங்க. அதுக்குத்தானே போட்டிருக்கோம்."

ஏறிப் போனேன். நொறுநொறுவென்று ஒரு சத்தம். கடைசிவரை போனதும் பின்னாலிருந்து அவள் குரல்: "நல்ல வெயிட்டான வண்டியா இருக்கு! ஒரே ஒரு தடவை போயிட்டுத் திரும்பி வந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்!"

"நேரமாகுதுங்க" என்றாள் மனைவி. நான் திருப்பிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வண்டியை வாங்கிய இரண்டு வருடத்தில் அன்றுதான் அது ஒரு வேலை செய்தது. அந்த அம்மாள் கும்பிட்டாள். அமைச்சர் வண்டியில் உளுந்தடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தார் முடிகிற இடத்தில் இறங்கி, பாய் சொன்னபடி டயரில் காற்றை இறக்கினேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் திரும்பிய அதே இடம். எதிரே கரை. இந்த முறை துளி ஈரம் இல்லை. நெல் வண்டிகள் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகக் காய்ந்து, நடுவில் மேடு முதுகெலும்பு மாதிரி கல்லாகக் கிடந்தது. என் பழைய வெள்ளைக் கார் என்றால் நிச்சயம் வயிறு தட்டி நின்றிருக்கும். இதிலும் மூன்று இடத்தில் அடித்தகடு கர்ரென்று உரசியது. முதல் உரசலில் பிரேக்கை மிதித்தேன். மூன்றாவது உரசலில் சிரிப்பு வந்தது. பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது!

வழியில் ஒரு மதகு இடிந்து கிடந்தது. வண்டிகள் வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப்போன தடம் தெரிந்தது. நான் இறங்கினேன். மனைவி ஒரு கையால் மேலே இருந்த பிடியையும் மறு கையால் தோட்டுப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். மூக்கு வானத்தைப் பார்க்க வண்டி மெதுவாக ஏறி மேலே வந்தது. ஒரு சக்கரம் வழுக்கவில்லை, ஒரு தட்டு சரியவில்லை.

"பரவாயில்லையே" என்றாள் அவள், பிடியை விடாமல்.

இன்னும் முந்நூறு கெஜம். அக்கா வீட்டுப் பந்தல் தெரிந்தது, மஞ்சளும் சிவப்புமாக. மணி எட்டே முக்கால். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. டயரைப் பார்த்துட்டு வரேன்."

டயரில் தூசிதான் இருந்தது. வெளிர்த் தூசி, பவுடர் போட்ட மாதிரி. தஞ்சாவூரில் எங்கள் தெருவில் நிறுத்தினாலே அவ்வளவு படியும். இவ்வளவு கரையும் மேடும் வாய்க்காலும் தாண்டி வந்ததற்கு ஒரு சாட்சி இல்லை. அக்கா சுற்றி வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாமை எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம்.

இடது கைப்பக்கம் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குறுவைக்கு நாற்றங்கால் சேறடித்துப் போட்டிருந்தார்கள். பாதையிலிருந்து நான்கடி இறங்கினால் போதும். ஒரு ஓரம். இரண்டு சக்கரத்தை நனைத்துக்கொண்டு உடனே ஏறிவிடலாம்.

"எதுக்குங்க அந்தப் பக்கம் திருப்பறீங்க? வீடு நேரா இருக்கு."

"கொஞ்சம் பேசாம இரு."

பாய் சொன்னது காதில் கேட்டது. அவர் குரலிலேயே கேட்டது. அதற்குமேல் என் மனைவி என்றோ சொன்னது கேட்டது: கொஞ்சம் சேத்தையாவது அப்பிக்கிட்டு.

முன் சக்கரம் இறங்கியது. அதோடு இறங்கிக்கொண்டே போனது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் என்றேன் அல்லவா? நான்கும் சேர்ந்து இழுத்து எங்களை இன்னும் ஆழமாகப் புதைத்தன. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, பழைய நாட்களில் மாதிரி, எருமையாகப் படுத்துக்கொண்டது. என் கண்ணாடிக்குக் கீழே நாற்றங்கால் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "வேணும்னேதானே இறங்கினீங்க?"

"ஆமாம்."

"டயர்ல சேறு வேணும்னு."

"ஆமாம்."

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் போனை எடுத்தேன். வேறு வழியில்லை. சேறு முழங்கால் அளவு. என் முழங்காலுக்கு அதில் இறங்கினால் ஏற முடியாது. மணி ஒன்பதாகிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "சக்கரம் புதைஞ்சிடுச்சு."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டுவது கேட்டது. பிறகு அக்கா நிதானமாகக் கேட்டாள்:

"எத்தனை பேர் தள்ளினாங்க? நாலு பேரா?"

"யாருமே இல்லைக்கா. நிஜமா புதைஞ்சிருக்கு. சத்தியமா. இங்கேர்ந்து உன் பந்தல் தெரியுது."

"பந்தல் என்ன கலர்?"

"மஞ்சளும் சிவப்பும்."

"அங்கேயே இரு. வந்து பார்க்கறேன்."

உதவி அனுப்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வந்து பார்க்கிறேன் என்றாள். எழுபத்தேழு வயதுக்காரி, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரெய்லர் மாட்டிய டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து வந்தாள். டிரெய்லரில் இரண்டு ஆட்கள், ஒரு பலகை. டிரைவர் கைகொடுக்க இறங்கினாள். சேற்றின் விளிம்புவரை நடந்து வந்து குனிந்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"எங்கடா டயரு? ஒண்ணையும் காணோமே?"

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் மனைவி வண்டிக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தாள்: "ரோடு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. வாய்க்கால்ல எல்லாம் இறங்கி ஏறி ஜம்முனு வந்தோம். உங்க தம்பிதான், டயர்ல சேறு இல்லாம உங்க முகத்துல முழிக்கமாட்டேன்னு இதுக்குள்ள விட்டாரு."

அக்கா சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பாதி தூரம் வரலை. தார் முடியற இடத்துலேர்ந்தே திரும்பிட்டேன். சக்கரம் புதையலை. யாரும் தள்ளலை. புது வண்டி அழுக்காகிடும்னுதான்..."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லலையே."

அவள் வரப்பில் ஒரு புல்லைப் பிடுங்கிக் கையில் சுற்றினாள். "நீ பொய் சொன்னது எனக்குப் பெருசில்லடா. எல்லாருந்தான் சொல்றாங்க. அன்னிக்கு டிராக்டர்ல வரும்போது என் பொண்ணு, கல்யாணப்பொண்ணு, வழி முழுக்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு வந்தா. 'மாமாவுக்கு அடி எதுவும் படலையேம்மா?'ன்னு. சக்கரம் புதைஞ்சுதுன்னதும் பயந்துட்டா. தலையில வெச்ச பூ சரியறதுகூடத் தெரியலை அவளுக்கு. ரோட்டுக்கு வந்து பார்த்தா, நீ வேட்டி மடிப்புக் கலையாம டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறே. அதுதான் எனக்கு ஆறலை."

இதை நான் அதுவரை கேட்டதில்லை. அந்தப் பெண்ணைத்தான் நான் கால் கழுவிவிட்டு ஏறச் சொன்னேன். எழுபத்திரண்டு வயதுக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து டிராக்டர் டிரைவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"போதும், போதும். மணி என்ன ஆச்சு பாரு" என்று அக்கா எழுந்து புடவையைத் தட்டினாள். "அழறதை மத்தியானம் வெச்சுக்கலாம். இப்போ இறங்கு. பத்தரைக்கு ராகுகாலம்."

டிரைவர் டிரெய்லரைப் பின்பக்கமாக வண்டிக்கு ஒட்டிக் கொண்டுவந்தார். கதவுக்கும் டிரெய்லருக்கும் நடுவே பலகை போட்டார்கள். அப்படியும் என் வலது கால் வழுக்கி முழங்கால்வரை உள்ளே போனது. இருவர் பிடித்து இழுத்ததில் செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. தட்டுகள் ஏறின. மனைவி ஏறினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரெய்லரில் நின்றேன். வண்டியைப் பூட்டினேனா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

பந்தல் வாசலில் அக்கா மகள் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே கத்தினாள்: "மாமா, வேட்டியைத் தூக்கிப் பிடிங்க! சேறு பட்டுடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் குடம் நிறையத் தண்ணீரோடு வந்தாள். நான் கை நீட்டினேன். கொடுக்காமல் தானே குனிந்து என் காலில் ஊற்றினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு உன்னைக் கால் கழுவச் சொன்னது என் சீட்டுக்காகம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல், "சிங்கப்பூர்ல எங்க கார்ல ஏறினா என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாரு மாமா. எல்லா ஆம்பிளைங்களும் ஒண்ணுதான்" என்றாள்.

ஒன்பதே முக்காலுக்குக் குழந்தை என் மடியில் உட்கார்ந்தது. மூன்று வயது. பத்தர் ஊசியை எடுத்ததும் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. வாயில் சர்க்கரை போட்டோம். வலது காது குத்தும்போது அழவில்லை. இடது காதுக்கு என் சட்டைப் பையைக் கிழித்துவிட்டது. கழுவியும் போகாத சேறு என் வேட்டியிலிருந்து பட்டுப்பாவாடைக்கு ஒரு கோடு போட்டிருந்தது. யாரும் அதைத் துடைக்க வரவில்லை.

சாப்பிட்ட பிறகு டிராக்டர் என் வண்டியை இழுத்தது. பின் கொக்கியில் கம்பிவடம் மாட்டி, மூன்றாவது இழுப்பில் சேறு ஒரு முத்தச் சத்தத்தோடு வண்டியை விட்டது. வெளியே வந்த வண்டிக்குக் கதவின் பாதிவரை நிறமே தெரியவில்லை. டிராக்டர் டிரைவர் சாவியைப் போட்டுத் திருப்பினார், உடனே கிளம்பியது. பாய்க்குப் போன் செய்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன்.

"கொக்கி தாங்குச்சா சார்?" என்றார் முதலில்.

"தாங்குச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். நாத்தங்கால்ல ஏன் சார் இறங்கினீங்க? அதைத்தானே சொன்னேன்?"

"அது பெரிய கதை பாய். நேர்ல சொல்றேன்."

மாலை கிளம்பும்போது அக்கா, குத்தாலம் கடைத்தெருவரை தானும் வருவதாகச் சொன்னாள். நான் பின்னாலிருந்து பாய் செய்த முக்காலியை எடுத்து வாசலில் போட்டேன். அவள் காலில் மாட்டுக்கொட்டகைச் சாணியும் பந்தல் மண்ணும் இருந்தன. முக்காலியில் ஒரு காலை வைத்து, உள்ளே வெண்ணெய் நிறச் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"கால் கழுவணுமாடா?"

"ஏறுக்கா."

ஏறினாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

இதோடு அந்தக் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை போன் அடித்தது. "வண்டி சௌக்கியமா?" என்றாள். முதல் முறையாக நான் பதில் சொன்னேன். எங்கே எங்கே கீறல், எந்தக் கதவிடுக்கில் இன்னும் சேறு, செருப்பு கிடைத்ததா என்று பம்புசெட்காரரிடம் கேட்கவேண்டும் என்று எல்லாம். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, உன் முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.